பழைய ஃபைலைத் திறக்காத நேர்மை

என் அத்தை அரசுப் பள்ளித் தலைமையாசிரியராக இருந்து 2023 மே மாதம் ஓய்வு பெற்றவர். ராமநாதபுரத்தில் இருக்கிறார். 2025 செப்டம்பரில், வருமான வரிக் கணக்கு போடக் கடைசித் தேதிக்கு நாலு நாள் இருக்கும்போது போன் செய்தார். "ஏப்பா, ரிட்டன் போடுறவரு வெளியூர் போயிட்டாராம். நீ கம்ப்யூட்டர்லதான கெடக்குற, வந்த எடத்துல எனக்கும் போட்டுக் குடுத்துட்டுப் போ." பென்ஷன், வங்கி வட்டி, இரண்டே வரவு. அரை மணி நேர வேலை.

நான் கணக்காளன் இல்லை, மென்பொருள் எழுதுகிறவன். இன்னொருவர் எழுதிய நிரலை என் கையில் கொடுத்தால் முதல் நாள் ஒரு வரிகூட மாற்ற மாட்டேன், உட்கார்ந்து வாசிப்பேன். அந்தப் பழக்கத்தில் அத்தையின் முந்தைய மூன்று வருடக் கணக்குகளையும் இறக்கிப் பார்த்தேன். முதலில் கண்ணில் பட்டது மின்னஞ்சல் முகவரி. அது அத்தையுடையது இல்லை, வீட்டில் யாருடையதும் இல்லை. அடுத்து, 2023-24 மதிப்பீட்டாண்டுக் கணக்கில் பிரிவு 80ஜிஜிசியின் கீழ் 1,20,000 ரூபாய் கழிவு. அரசியல் கட்சிக்குக் கொடுத்த நன்கொடைக்கான கழிவு அது.

"அத்தை, நீங்க எந்தக் கட்சிக்கு லட்சத்து இருபதாயிரம் குடுத்தீங்க?"

"கட்சிக்கா? நானா? உண்டியல்ல அம்பது ரூபா போடவே யோசிக்கிறவ நான்."

கதை மெல்ல வெளியே வந்தது. சக ஆசிரியர்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒருவரிடம் கணக்கு போட்டிருக்கிறார்கள். அவர் பட்டயக் கணக்காளர் இல்லை. ஆனாலும் ஊரில் எல்லோரும் "ஆடிட்டர்" என்றுதான் கூப்பிடுவார்கள். "டீச்சர், உங்களுக்கு ரீஃபண்ட் வருது, போனுக்கு ஒரு ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க" என்றிருக்கிறார். அத்தை சத்துணவுக் கூடத்து வாசலில் நின்றபடி ஆறு எண்களை வாசித்திருக்கிறார். வரி 20 விழுக்காடு, அதன் மேல் 4 விழுக்காடு செஸ். ஆக, இல்லாத நன்கொடைக்கு 24,960 ரூபாய் திரும்பி வந்தது. அதில் ஐந்தில் ஒரு பங்கு, முழுசாக்கி ஐயாயிரம், ஆடிட்டருக்கு. "இதில் சொன்னதெல்லாம் உண்மை, முழுமை" என்று வரிக் கணக்கின் அடியில் ஒரு உறுதிமொழி இருக்கிறது. அந்த ஆறு எண்கள்தான் அதற்குக் கையெழுத்து.

இந்த முதல் ஆளைப் பற்றி நான் அதிகம் எழுதப் போவதில்லை. அவர் செய்தது மோசடி, அதற்குச் சட்டம் இருக்கிறது. என் சண்டை இரண்டாவது ஆளோடு.

*

அத்தை 2024இல் ஆளை மாற்றிவிட்டார். பள்ளிக்குப் போவது நின்றதால் பழைய கூட்டமும் விட்டுப்போயிற்று. புதிதாகப் போனவர் நேர்மையானவர். இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. ரீஃபண்டில் பங்கு கேட்பதில்லை, ஐநூறு ரூபாய் வாங்குகிறார், இல்லாத கழிவைப் போடுவதில்லை. 2024 ஜூலையில் அவர் போட்ட கணக்கை வரி வரியாகப் பார்த்தேன். ஒரு ரூபாய்கூடத் தப்பில்லை. ஊரிலிருந்து திரும்பும் முன் அவருக்கே போன் செய்தேன்.

"அண்ணே, அத்தையோட அதுக்கு முந்தின வருஷ ரிட்டன்ல கட்சி நன்கொடைன்னு ஒண்ணு இருக்கே, பாத்தீங்களா?"

"அது நான் போட்டது இல்ல தம்பி."

"தெரியும்ணே. நீங்க பாத்தீங்களான்னு கேக்குறேன்."

"நான் எதுக்குப் பாக்கணும்? என் வருஷம் சுத்தமா இருக்குல்ல? பழசைத் தோண்டுனா கிணறு வெட்டப் பூதம் கெளம்புன கதையாப் போயிரும். நம்ம தொழில்ல யாரும் தோண்ட மாட்டாங்க."

கடைசியாக அவர் சொன்னது உண்மை. அதனால்தான் இதை எழுதுகிறேன். புதிதாக வந்த வாடிக்கையாளரின் பழைய கணக்குகளைத் திறந்து பார்க்காமல் இந்த வருடத்தை மட்டும் போட்டுக் கொடுப்பது இந்தத் தொழிலில் ஒரு நாகரிகம்போல ஆகியிருக்கிறது. "அடுத்தவர் வேலையில் தலையிடாதவர்" என்ற நற்பெயரும் அதற்குக் கிடைக்கிறது. என் கட்சி இதுதான்: அது நாகரிகமும் இல்லை, நடுநிலையும் இல்லை. அந்தப் பாராமுகத்துக்கு ஒரு விலை உண்டு. அந்த விலையை வாடிக்கையாளர் கொடுக்கிறார்.

அத்தை விஷயத்தில் அது எவ்வளவு என்று ரூபாயில் சொல்ல முடியும். பழைய கணக்கைத் தானே முன்வந்து சரிசெய்ய 2022ஆம் ஆண்டு நிதிச் சட்டம் ஒரு வழி திறந்தது: பிரிவு 139(8ஏ), புதுப்பிக்கப்பட்ட கணக்கு. முதலில் இரண்டு வருடம்தான் அவகாசம். 2025 நிதிச் சட்டம் அதை நான்கு வருடமாக்கியது. ஆனால் தாமதத்துக்குத் தக்கபடி கூடுதல் வரி ஏறும். மதிப்பீட்டாண்டு முடிந்து முதல் வருடத்துக்குள் போட்டால் 25 விழுக்காடு, இரண்டாம் வருடம் 50, மூன்றாம் வருடம் 60, நான்காம் வருடம் 70. அத்தையின் அந்த மதிப்பீட்டாண்டு 2024 மார்ச் 31இல் முடிந்தது. 2024 ஜூலையில் இரண்டாவது ஆள் கண்டுபிடித்திருந்தால் கூடுதல் வரி 6,240 ரூபாய். 2025 செப்டம்பரில் நான் கண்டுபிடித்தபோது 12,480. வட்டி இதில் சேரவில்லை. அது தனியாக ஏறும், அதன் மேலும் கூடுதல் வரி உண்டு. ஐநூறு ரூபாய்க்கு வேலை பார்த்த நேர்மையானவரின் மௌனம் குறைந்தபட்சம் 6,240 ரூபாய்.

இன்னும் கொஞ்ச நாள் யாருமே பார்க்காமல் போய், துறையே கண்டுபிடித்திருந்தால்? தவறான தகவல் தந்து வருமானத்தைக் குறைத்துக் காட்டினால் பிரிவு 270ஏ தண்டம் வரியில் 200 விழுக்காடு. அதாவது 49,920 ரூபாய், வரியும் வட்டியும் போக. அந்த நோட்டீஸும் யாருக்குப் போயிருக்கும்? அந்த மர்ம மின்னஞ்சலுக்கு.

*

அத்தை கதை தனிக்கதை இல்லை. 2025 ஜூலை 14 அன்று வருமான வரித்துறை நாட்டின் பல இடங்களில் ஒரே நேரத்தில் சோதனை நடத்தியது. பொய்க் கழிவுகளைப் போட்டு ரீஃபண்ட் வாங்கித் தரும் கணக்குத் தயாரிப்பாளர்களும் இடைத்தரகர்களும்தான் குறி. மகாராஷ்டிரம், தில்லி, குஜராத், பஞ்சாப், மத்தியப் பிரதேசம் இவற்றோடு தமிழ்நாடும் அந்தப் பட்டியலில் இருந்தது. வீட்டு வாடகை, கட்சி நன்கொடை, கல்விக் கடன் வட்டி, மருத்துவக் காப்பீடு என்று எல்லாப் பிரிவுகளிலும் கைவரிசை. ஏமாந்தவர்கள் பன்னாட்டு நிறுவனம், பொதுத்துறை, அரசு அலுவலகம், கல்வி நிறுவனம் எல்லாவற்றிலும் இருந்தார்கள். துறையின் அறிக்கையில் என்னை நிறுத்திய வரி ஒன்று உண்டு. இந்தத் தயாரிப்பாளர்கள் மொத்தமாகக் கணக்கு போடுவதற்கென்றே தற்காலிக மின்னஞ்சல் முகவரிகளை உருவாக்கி, பிறகு கைவிட்டுவிடுகிறார்கள். அதனால் துறை அனுப்பும் நோட்டீஸ்கள் வாசிக்கப்படாமலே கிடக்கின்றன.

அதற்கு முந்தைய நான்கு மாதத்தில் சுமார் 40,000 பேர் தாங்களாகவே கணக்கைப் புதுப்பித்து, 1,045 கோடி ரூபாய்ப் பொய்க் கோரிக்கைகளைத் திரும்பப் பெற்றார்கள் என்றும் அந்த அறிக்கை சொன்னது. வகுத்துப் பாருங்கள், ஆளுக்குச் சராசரியாக இரண்டரை லட்சத்துக்கும் மேல். அவர்களைத் திருத்தவைத்தது துறையிலிருந்து போன குறுஞ்செய்தியும் மின்னஞ்சலும். நோட்டீஸ் கிடைக்காதவர் எப்படித் திருத்துவார்? அவருக்கு இருக்கும் ஒரே வாய்ப்பு, அடுத்த வருடம் அவர் போய் உட்காரும் புது ஆள், கணினியில் இரண்டு முறை கூடுதலாகச் சொடுக்குவதுதான். முதல் ஆளைப் பிடிக்கச் சோதனை நடக்கிறது, செய்தி வருகிறது. சொடுக்காத இரண்டாவது ஆளைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

*

"இந்த வருடத்தை மட்டும் சரியாகப் போட்டேன்" என்பதே பல நேரங்களில் சாத்தியமில்லாத காரியம். இந்தக் கடற்கரையிலேயே உதாரணம் இருக்கிறது.

ராமேஸ்வரத்தில் ஒருவர் 20 லட்சத்துக்கு மரத்தாலான விசைப்படகு வைத்திருக்கிறார் என்று கொள்வோம். வருமான வரி விதிப்படி மர உடல் கொண்ட மீன்பிடிப் படகுக்குத் தேய்மானம் 20 விழுக்காடு, அதுவும் குறைந்துகொண்டே போகும் மதிப்பில். முதல் வருடம் 4 லட்சம் கழிந்து 16 லட்சம், பிறகு 12.8, மூன்றாம் வருட முடிவில் 10.24 லட்சம். நான்காம் வருடம் ஆளை மாற்றுகிறார். புது ஆள் கேட்கிறார்: "படகு எவ்வளவுக்கு எடுத்தீங்க?" "இருபது." 20 லட்சத்திலிருந்து மறுபடி தொடங்கி 4 லட்சம் தேய்மானம் போடுகிறார். உண்மையில் போட வேண்டியது 2,04,800. புது ஆள் எந்த மோசடியும் செய்யவில்லை. பழைய கணக்கைப் பார்க்காத ஒரே காரணத்தால் அவருடைய "சுத்தமான" வருடம் பொய்யாகிவிட்டது.

நடுவில் இரண்டு வருடம் பிரிவு 44ஏடியின்படி, கணக்குப் புத்தகம் இல்லாமல் விற்றுமுதலில் 8 விழுக்காடு லாபம் என்று காட்டியிருந்தால் சிக்கல் கூடும். அந்த இரண்டு வருடமும் தேய்மானம் கழிக்கப்பட்டதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். அந்த முறையில் போட்டுவிட்டு அடுத்த ஐந்து வருடத்துக்குள் விலகினால், அதன் பிறகு ஐந்து வருடம் அதற்குள் திரும்ப முடியாது. போன வருடத்து வியாபார நட்டத்தை இந்த வருடத்துக்குக் கொண்டுவர வேண்டுமா? போன வருடக் கணக்கு கெடு தேதிக்குள் போடப்பட்டிருக்க வேண்டும். இதெல்லாம் இந்த வருடத்துக் காகிதத்தில் இருக்காது.

முதுகுளத்தூர்ப் பக்கம் குண்டு மிளகாய் போடுகிறவருக்கு விவசாய வருமான விலக்கு உண்டு. பாம்பனில் மீன் பிடிக்கிறவருக்கு இல்லை, ஏனென்றால் சட்டத்தில் விவசாய வருமானம் நிலத்திலிருந்து வர வேண்டும். "கடலும் நமக்கு வயக்காடுதானே" என்று யாரோ மூன்று வருடமாக மீன் வருமானத்தை விலக்கில் போட்டிருந்தால், நான்காம் வருடம் அதைச் சரியான தலைப்பில் போடும் நேர்மையானவர் என்ன செய்கிறார்? திடீரென்று தொழில் வருமானம் முளைத்த ஒரு கணக்கைத் துறையின் கணினிக்கு முன் வைக்கிறார். கேள்வி வரும். வரும் கேள்வி பழைய மூன்று வருடத்தைப் பற்றியதாகத்தான் இருக்கும். தனக்குத் தெரியாமலே வாடிக்கையாளரை மாட்டிவிடுகிறார்.

நாம் நாலு சென்ட் இடம் வாங்கினாலும் முப்பது வருட வில்லங்கம் போட்டுப் பார்க்கிறோம். பழைய படகு வாங்குகிறவர், கரையேற்றி அடிப்பலகையைத் தட்டிப் பார்க்காமல் முன்பணம் கொடுக்க மாட்டார். வரிக் கணக்கில் மட்டும் ஏன் இந்தக் கூச்சம்?

*

பழையதைப் பார்ப்பது என்றாலே மாட்டிக்கொள்ளும் விஷயமாக மட்டும் நினைக்கிறார்கள். அத்தையின் ஃபைலில் இன்னொன்றும் இருந்தது. 2021-22 நிதியாண்டில் அவருக்குத் தேர்வுநிலை ஊதிய நிலுவை மொத்தமாக வந்திருக்கிறது. அந்த ஒரு வருடம் மட்டும் வருமானம் 10 லட்சத்தைத் தாண்டி, 1,30,000 ரூபாய் 30 விழுக்காட்டு அடுக்குக்குள் போய்விட்டது. பழைய வருடங்களின் சம்பளம் தாமதமாக வந்தால் அதற்கு நிவாரணம் உண்டு: பிரிவு 89, படிவம் 10இ. அந்தந்த வருடத்திலேயே வந்திருந்தால் 20 விழுக்காடுதான் கட்டியிருப்பார். வித்தியாசம் செஸ்ஸோடு 13,520 ரூபாய். அதை யாரும் கேட்கவில்லை. அந்தக் கணக்கைப் போட்டவரும் அதே முதல் ஆள்தான். இல்லாத நன்கொடையை உருவாக்கத் தெரிந்தவருக்கு இருந்த நிவாரணம் தெரியவில்லை.

சட்டத்தின் ஓரவஞ்சனை இங்கேதான். அரசுக்குக் கட்ட வேண்டியிருந்தால் நான்கு வருடம் கதவு திறந்திருக்கிறது. அரசு தர வேண்டியிருந்தால் அந்தக் கதவு அடைப்பு. புதுப்பிக்கப்பட்ட கணக்கில் ரீஃபண்ட் கேட்கவோ கூட்டவோ முடியாது. திருத்திய கணக்குக்கான கெடுவோ அப்போது மதிப்பீட்டாண்டின் டிசம்பர் 31ஆக இருந்தது. அதைத் தவறவிட்டவர் பிரிவு 119(2)(பி)யின் கீழ், தாமதத்தைப் பொறுத்தருளும்படி மனுப் போட வேண்டும். 2024 அக்டோபர் 1 சுற்றறிக்கைப்படி மதிப்பீட்டாண்டு முடிந்து ஐந்து வருடத்துக்குள் மனு போக வேண்டும். ஒரு கோடி ரூபாய் வரையிலான கோரிக்கையை ஆணையர் நிலையிலேயே முடிவு செய்யலாம். இப்படி ஒரு வழி இருப்பது எத்தனை ஓய்வூதியர்களுக்குத் தெரியும்? சொல்ல வேண்டியவர் பழைய ஃபைலைத் திறப்பதே இல்லையே.

கீழக்கரையில் வளைகுடா வேலைக்குப் போன குடும்பங்களை எடுத்துக்கொள்ளுங்கள். வெளிநாடுவாழ் இந்தியரின் என்ஆர்ஓ வைப்பு வட்டியில் வங்கி 30 விழுக்காடும் செஸ்ஸும் பிடித்துக்கொள்ளும். 60,000 ரூபாய் வட்டிக்கு 18,720 போய்விடும். இந்தியாவில் அவருக்கு வேறு வருமானம் இல்லை என்றால் அது முழுவதும் திரும்பக் கிடைக்க வேண்டிய பணம், கணக்கு போட்டிருந்தால். நேர்மாறான தவறும் நடக்கும். துபாயில் இருக்கிறவரை உள்நாட்டவர் என்று குறித்து, அவருக்குக் கிடையாத 87ஏ தள்ளுபடியை எடுத்துவிடுவது. ஒன்று அவருக்கு நட்டம், மற்றது அவர் தலைக்கு மேல் கத்தி. 26ஏஎஸ் அறிக்கையையும் பழைய மூன்று கணக்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

*

இரண்டாவது ஆள் சொல்லும் நியாயங்களைத் தட்டிக்கழிக்கக் கூடாது.

"ஐநூறு ரூபாய்க்கு இதெல்லாம் கட்டுமா?" கட்டாது. அப்படியென்றால் முதல் வருடம் ஆயிரமோ ஆயிரத்து ஐநூறோ வாங்குங்கள், என்ன செய்தீர்கள் என்று சொல்லி வாங்குங்கள். அதுவும் வேண்டாம் என்றால், "பழைய வருடங்களை நான் பார்க்கவில்லை" என்று ரசீதில் ஒரு வரி எழுதுங்கள். வாடிக்கையாளர் அவர் பார்த்துவிட்டார் என்று நம்பிக்கொண்டு போகிறாரே, அந்த நம்பிக்கைக்கும் சேர்த்துத்தான் ஐநூறு வாங்குகிறீர்கள்.

"தெரிந்துகொண்டால் நானும் மாட்டுவேன்." இது பயம், காரணம் இல்லை. பொய்க் கணக்குக்குத் துணைபோனால்தான் பிரிவு 278 பாயும். பழைய பிழையைக் கண்டு எழுத்தில் சொன்னவர் துணைபோனவர் ஆக மாட்டார். கண்டும் காணாதவராக இருந்தவருக்குத்தான், பின்னாளில் "எனக்குத் தெரியாது" என்று நிரூபிக்கும் சங்கடம்.

"கிளறினால்தான் வெளியே வரும்." கிளறாவிட்டாலும் வரும். 50 லட்சத்துக்குக் குறைவான விஷயங்களில்கூட மதிப்பீட்டாண்டு முடிந்து மூன்று வருடமும் மூன்று மாதமும் வரை மறுமதிப்பீட்டு நோட்டீஸ் வரலாம். மூன்று வருடக் கணக்கைப் பார்க்க வேண்டும் என்று நான் சொல்வதும் அதனால்தான்.

"அதைச் சாக்காக வைத்துப் பணம் பிடுங்குகிறவர்களும் இருக்கிறார்களே?" இருக்கிறார்கள். "உங்க பழைய ஆளு போட்டது பூராத் தப்பு, நோட்டீஸ் வந்துக்கிட்டே இருக்கு, பத்தாயிரம் எடுங்க" என்று ஆரம்பிப்பவர்கள் முதல் ஆளின் ஒன்றுவிட்ட தம்பிகள். இந்தக் குற்றச்சாட்டு சரி. அதற்கு மருந்து பார்க்காமல் இருப்பதில்லை, எழுத்தில் சொல்வது. எந்த வருடம், எந்தப் பிரிவு, எவ்வளவு ரூபாய், திருத்த எவ்வளவு ஆகும், திருத்தாவிட்டால் என்ன ஆகலாம், கடைசித் தேதி எது. ஒரு பக்கம், தமிழில். பிழையையும் கருத்து வேற்றுமையையும் பிரித்து எழுத வேண்டும். கொடுக்காத நன்கொடை பிழை. ஒரு செலவை இந்தத் தலைப்பில் போடலாமா அந்தத் தலைப்பில் போடலாமா என்பது கருத்து. அதைத் தப்பு என்று சொல்லி ஆளைப் பிடிப்பது தொழில் தர்மம் இல்லை.

திருத்துவதா வேண்டாமா என்ற முடிவு வாடிக்கையாளருடையது. அவருக்குத் தெரியாமல் எதையும் திருத்தக் கூடாது. அவர் "வேண்டாம்" என்றால்? பழைய பிழை இந்த வருடத்துக்குள் வராது என்றால் இந்த வருடத்தைப் போட்டுக் கொடுக்கலாம். பொய் நன்கொடை அப்படிப்பட்டது. படகின் தேய்மானம்போல இந்த வருடத்துக்குள் ஏறி வரும் பிழை என்றால், கைகூப்பி அனுப்பிவிட வேண்டும்.

*

இதை ஒருவர் மனசாட்சிக்கு மட்டும் விட்டுவிடவும் எனக்குச் சம்மதமில்லை. சட்டம் பாதியில் நிற்கிறது. ஒரு பட்டயக் கணக்காளர் இன்னொருவர் செய்துவந்த தணிக்கைப் பணியை ஏற்கும் முன் அவருக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் முதல் அட்டவணைப்படி தொழில் ஒழுக்கக்கேடு. பலனில் பங்கு வைத்துக் கட்டணம் வாங்கக் கூடாது என்பதும் அதே அட்டவணையில் இருக்கிறது. ஆனால் ராமநாதபுரத்திலோ ராமேஸ்வரத்திலோ ஒரு ஆசிரியருக்கு, காவலருக்கு, ரயில்வே ஊழியருக்குக் கணக்கு போட்டுத் தருகிறவருக்குப் பட்டயம் தேவையில்லை, பதிவும் தேவையில்லை. வாடிக்கையாளரின் கடவுச்சொல்லிலேயே உள்ளே போகிறார், வெளியே வருகிறார். அவர் பெயர் எங்கும் பதியாது.

முயற்சி நடக்காமல் இல்லை. 2006இல் வரிக் கணக்குத் தயாரிப்பாளர் திட்டம் வந்தது. பட்டதாரிகளுக்குப் பயிற்சி, அடையாள எண், கணக்கில் அவர்களும் கையெழுத்திட வேண்டும், வாடிக்கையாளரிடம் அதிகபட்சம் 250 ரூபாய். நல்ல திட்டம். ஆனால் அந்த 250 ரூபாய்க்கு யார் வருவார்? கட்டுப்பாடு எதுவும் இல்லாத பக்கத்துக் கடைக்காரர் ரீஃபண்டில் 20 விழுக்காடு எடுக்கும்போது, பெயரும் எண்ணும் எழுதிக் கையெழுத்துப் போடுகிறவர் எப்படிப் பிழைப்பார்?

அமெரிக்காவில் பணம் வாங்கிக்கொண்டு கணக்கு தயாரிக்கும் எவரும் தன் அடையாள எண்ணைப் போட்டுக் கையெழுத்திட வேண்டும். அங்கே வழக்கறிஞர், கணக்காளர் போன்றோருக்கு இன்னொரு விதியும் உண்டு. வாடிக்கையாளரின் பழைய கணக்கில் பிழையோ விடுபாடோ இருப்பது தெரியவந்தால் அதையும் அதன் விளைவையும் உடனே அவரிடம் சொல்ல வேண்டும். துறையிடம் போய்ச் சொல்ல வேண்டியதில்லை, கட்டாயப்படுத்தித் திருத்த வேண்டியதும் இல்லை. வாடிக்கையாளரிடம் சொன்னால் போதும். மூலைக்கடைத் தயாரிப்பாளர்களை அந்த விதி கட்டாது, "தெரியவந்தால்" என்ற சொல்லிலும் ஓட்டை இருக்கிறது. இருந்தாலும் அது ஒரு தொடக்கம்.

நம் வரிப் படிவத்தில் "கட்டணம் பெற்றுத் தயாரித்தவர்: பெயர், பான் எண்" என்று ஒரு கட்டம் வர வேண்டும். எங்கள் தொழிலில் ஒவ்வொரு வரியையும் யார், எப்போது எழுதினார் என்பது பதிவாகியிருக்கும். அது யாரையும் தூக்கில் போட இல்லை. அடுத்து வருகிறவர் யாரிடம் கேட்பது என்று தெரிவதற்கு. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வரும்படி புதிய வருமான வரிச் சட்டம் இயற்றப்பட்டது, அதில் பிரிவு எண்கள் எல்லாம் வேறு. இந்தக் கட்டம் இல்லாமல் எத்தனை எண்ணை மாற்றினாலும் மாட்டுகிறவர் ஓடிபி சொன்ன டீச்சர் மட்டும்தான்.

*

அத்தையிடம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். கட்ட வேண்டியது வரியும் கூடுதல் வரியும் 37,440, மேலே வட்டி. கேட்கக்கூடியது 13,520, மதுரைக்கு மனுப் போட்டு, கிடைக்கும் என்ற உறுதி இல்லாமல். ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. இரவு சாப்பிடும்போது கேட்டார்: "இது அந்த ரெண்டாவது ஆளுக்குத் தெரியுமாப்பா?"

"பாக்கலைன்னு சொல்றாரு அத்தை."

"நாலாவதுல ஒரு டீச்சர் கழித்தலைத் தப்பாச் சொல்லிக் குடுத்துட்டா, அஞ்சாவது டீச்சர் 'அது என் வகுப்பு இல்ல'ன்னு வகுத்தலுக்குப் போயிரலாமா? அப்படிப் போனா ஃபெயிலாகுறது பிள்ளை தானே."

மறுநாள் பணத்தைக் கட்டினார். மனுவும் போயிருக்கிறது. முகவரியை மாற்றியாயிற்று, இனி துறையிலிருந்து எது வந்தாலும் அவருடைய போனுக்கே வரும்.

அண்ணே, நீங்கள் இதை வாசிக்கக்கூடும். உங்கள் பெயரை எழுதவில்லை. வரும் ஜூலையில் உங்கள் எதிரில் புதிதாக ஒருவர் வந்து உட்காருவார். ஓடிபி கேட்பதற்கு முன்னால் பழைய மூன்று வருடத்தைத் திறந்து பாருங்கள். மின்னஞ்சல் யாருடையது என்பதிலிருந்து தொடங்குங்கள்.